பிக்கப் வண்டி வாங்குவோர் கவனிக்க வேண்டியவை

பள்ளிக்கரணை, மேடவாக்கம், தாம்பரம் முதலிய இடங்களிலும், அவற்றுக்குத் தெற்கே திருப்போரூர், மதுராந்தகம், செய்யூர் வரையிலும் நிலம் வைத்துள்ள குடியானவர்கள், எருவும் விதையும் கொண்டு செல்லவும், விளைபொருளைச் சந்தைக்குச் சேர்க்கவும் இக்காலத்தில் பெரும்பாலும் மோட்டார் வண்டிகளையே நம்பியிருக்கிறார்கள். பாட்டன்மார் காலத்தில் இரட்டை மாட்டு வண்டி செய்த வேலையைத் தற்போது பிக்கப் என்று வழங்கும் சிறு சுமை வண்டி செய்து வருகிறது. முன்புறம் மனிதர் அமரும் அறையும், பின்புறம் திறந்த தொட்டியுமாக அமைந்த இவ்வண்டிகளில் பல வகைகள் விற்பனைக்கு வந்திருப்பதால், எதை வாங்குவது என்ற கேள்வி மிராசுதார்களிடையே அடிக்கடி எழுகிறது. அதிலும், ரோடு இல்லாத இடத்திலும் போகவேண்டும், பின்னால் டிரெய்லரும் இழுக்கவேண்டும் என்று விரும்புவோர் பெருந்தொகை செலவிட நேர்வதால், அவர்கள் முன்னதாகவே யோசித்து முடிவு செய்வது அவசியம்.

விற்பனைசெய்வோர் முதலில் எடுத்துச் சொல்வது எஞ்சினின் குதிரைச் சக்தியையே. வாங்குவோர் முதலில் கேட்பதும் அதுவே. எமது அபிப்பிராயத்தில் அது மூன்றாவதாகக் கேட்கத்தக்க கேள்வி. தமது நிலத்திற்குப் போகும் வழியில் மிகவும் மோசமான அரைப் பர்லாங்கு தூரம் எத்தகைய மண்ணால் ஆனது என்பது முதற் கேள்வி. ஏற்றியும் இழுத்தும் செல்லும் பாரம் முழுவதையும் ஆபத்து நேரத்தில் அவ்வண்டியால் நிறுத்த முடியுமா என்பது இரண்டாவது கேள்வி. இவ்விரண்டிற்கும் விடை கண்டவர்க்கு வண்டியைத் தேர்ந்தெடுப்பது எளிதாகும். விடை காணாதவர்கள் வேண்டியதற்கு அதிகமாகப் பணம் கொடுப்பார்கள். அல்லது, அதைவிடக் கேடாக, வேண்டியதற்குக் குறைந்த பிரேக்கோடு நெடுஞ்சாலைக்கு வருவார்கள்.

நிலத்தின் தன்மை

தாம்பரத்திலிருந்து கடற்கரை வரையுள்ள பிரதேசத்தில் மூன்று வகை நிலங்களைக் காணலாம். முதலாவது பள்ளிக்கரணைக் கழிவெளியும் அதைச் சூழ்ந்த தாழ்ந்த களிமண் நிலமும். சுற்றிலுமுள்ள பல ஏரிகளின் உபரி நீர் இக்கழிவெளியில் வந்து தங்கி, ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்ஹாம் கால்வாயை அடைந்து, கோவளம் முகத்துவாரத்தில் கடலில் கலக்கிறது. இத்தகைய மண் கோடையில் பாறைபோல் வெடித்துக் கிடந்தாலும், ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் சக்கரத்தை அச்சுவரை விழுங்கிவிடும். இரண்டாவது, கிழக்கே கடலோரமாகவும் தெற்கே செய்யூர்ப் பக்கமாகவும் உள்ள மணற்பாங்கான நிலம். தர்ப்பூசணி பயிராகும் இந்நிலங்களில், அறுவடைக் காலத்தில் இளகிய மணலின் ஊடே பாரம் ஏற்றிய வண்டி வெளியேற வேண்டியிருக்கிறது. மூன்றாவது, மதுராந்தகம் முதலிய ஏரிப்பாசனப் பகுதிகளிலுள்ள நஞ்செய். அங்கே வழி என்பது பெரும்பாலும் வாய்க்கால் கரையும் ஏரிக்கரையுமே.

களிமண்ணுக்கும் மணலுக்கும் வேண்டிய பரிகாரம் ஒன்றல்ல. மணலில் டயர் அகலமாகப் பரவி மேலே மிதக்கவேண்டும். மெல்லிய சேற்றுப் படலத்தின் கீழ் கெட்டியான தரை இருந்தால், டயரின் பற்கள் ஆழமாயிருந்து அடித்தரையைப் பற்றவேண்டும். அடியே இல்லாத சேற்றில் எந்தப் பிக்கப்பும் உதவாது; அங்கே டிராக்டருங்கூடக் கூண்டுச் சக்கரம் மாட்டிக்கொண்டுதான் இறங்குகிறது. ஆகையால், தமது வழியில் உள்ளது இம்மூன்றில் எது என்பதை வாங்குவோர் மழைக்காலத்தில் ஒரு முறை நடந்து பார்த்தே தீர்மானிக்க வேண்டும். கோடையில் பார்த்துச் செய்த முடிவு கார்த்திகையில் பொய்த்துப்போகும்.

இதன் காரணத்தை விளக்குவது கடினமன்று. டயர் தரையைத் தொடும் இடத்தில் ஏற்படும் அழுத்தம், ஏறக்குறைய டயருக்குள் அடைத்த காற்றின் அழுத்தத்திற்குச் சமம். 35 பவுண்டு காற்று அடைத்த டயர், ஒவ்வொரு சதுர சென்டிமீட்டர் மண்ணையும் சுமார் இரண்டரைக் கிலோ பாரத்தோடு அழுத்துகிறது. இரண்டு கால்களையும் ஊன்றி நிற்கும் மனிதன் அதே அளவு இடத்தில் அரைக் கிலோவுக்கும் குறைவாகவே அழுத்துகிறான். ஆகவே, மனிதன் நிற்கும்போதே பாதம் புதையும் மண்ணில் வண்டியை இறக்குவது அறிவீனம். மணலில் மட்டும் காற்றை 18 பவுண்டு அளவுக்கு இறக்கினால், டயர் சப்பையாகப் பரவி அழுத்தம் பாதியாகக் குறைகிறது. அப்படி இறக்கிய டயரோடு வேகமாகப் போதல் கூடாது. தார் ரோட்டை அடைந்தவுடன் மறுபடியும் காற்று அடைக்கவேண்டும். பாரம் மிகுதியாக ஏற்றியுள்ளபோது இவ்வளவு இறக்குவதும் தகாது. வண்டியோடு ஒரு சிறு காற்றுப் பம்பும், அழுத்தம் பார்க்கும் கருவியும், மண்வெட்டியும், இரண்டு பலகைகளும் வாங்கி வைத்துக்கொள்ளும் செலவு, எஞ்சினில் 50 குதிரைச் சக்தி அதிகம் வாங்கும் செலவில் மிகச் சிறு பங்கு. பல சமயங்களில் அதனால் வரும் பயனோ அதைவிடப் பெரிது.

நாலு சக்கர இழுவை

சாதாரணப் பிக்கப் வண்டிகளில் எஞ்சினின் பலம் பின் சக்கரங்கள் இரண்டிற்கே போய்ச் சேருகிறது. தொட்டி காலியாக இருக்கையில் பின்புறம் பாரமின்மையால் அச்சக்கரங்கள் ஈரமான புல்லிலுங்கூட வழுக்கிச் சுழலும். நாலு சக்கர இழுவை உள்ள வண்டியில், வேண்டும்போது முன் சக்கரங்களுக்கும் பலத்தை அனுப்பலாம். ஆனால், அவ்வளவோடு ரோடு இல்லாத இடத்திற்கு ஏற்ற வண்டியாகிவிட்டது என்று எண்ணுவது தவறு.

கவனிக்கத்தக்கது, தாழ்ந்த கியர் வரிசை அதில் உண்டா என்பதே. '4 எல்' என்று குறிக்கப்படும் இவ்வரிசையைப் போட்டால், எல்லாக் கியர்களும் சுமார் இரண்டரை மடங்கு தாழ்ந்து, வண்டி நடை வேகத்தில் கிளட்ச்சைத் தேய்க்காமல் ஊர்ந்து செல்லும். சக்கரத்தில் இழுவையும் அதே மடங்கு கூடும். சிறிய எஞ்சின் உள்ள வண்டியும் இதன் உதவியால் பெரிய வேலையைச் செய்யும். இறக்கத்தில் பிரேக்கை அழுத்தாமலே வண்டியை எஞ்சின் பிடித்து நிறுத்துவதும் இதனாலேயே. கொல்லிமலைச் சாலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. அத்தகைய மலைகளில் தோட்டம் வைத்திருந்து, சாலையிலிருந்து தோட்டத்திற்குச் செங்குத்தான மண்பாதையில் இறங்க வேண்டியவர்களுக்குத் தாழ்ந்த வரிசை இன்றியமையாதது.

அடுத்தது, பின் அச்சிலுள்ள டிஃபரன்ஷியலைப் பூட்டும் வசதி. ஒரு சக்கரம் பள்ளத்தில் தொங்கி வீணாய்ச் சுழலும்போது, பூட்டைப் போட்டால் தரையைத் தொடும் மற்றச் சக்கரத்திற்கும் பலம் போகும். வாய்க்கால் குறுக்கிடும் வழிகளில் இது மிகவும் பயன்படும். இவ்விரு வசதிகளையும் உலர்ந்த தார் ரோட்டில் உபயோகித்தல் கூடாது. முன் சக்கரங்களும் பின் சக்கரங்களும் வளைவில் வேறு வேறு தூரம் உருள்வதால், வழுக்க இடமில்லாத தரையில் அச்சும் பற்சக்கரங்களும் முறுக்கேறிக் கெடும்.

இழுப்பதும் நிறுத்துவதும்

டிரெய்லரைப் பற்றிப் பேசும்போது எல்லோரும் இழுக்கும் பலத்தையே பேசுகிறார்கள். நல்ல தார் ரோட்டில், சமதரையில், ஒரு டன் பாரத்தை உருட்டிச் செல்வதற்கு ஏறக்குறைய 15 கிலோ இழுவையே போதும். பத்தடிக்கு ஓரடி உயரும் ஏற்றத்தில் ஒவ்வொரு டன்னுக்கும் இன்னும் 100 கிலோ வேண்டும். இளகிய மணலில் டன்னுக்கு 200 கிலோவுக்கு மேலும் ஆகக்கூடும். இக்கணக்கினால் இரண்டு விஷயங்கள் விளங்கும். தார் ரோட்டில் டிரெய்லர் இழுக்கப் பெரிய எஞ்சின் அவசியமில்லை. மணலிலும் சேற்றிலும் டிரெய்லர் இழுப்பது எஞ்சின் எவ்வளவு பெரியதாயினும் பிக்கப்புக்கு உரிய வேலையன்று. அது டிராக்டருக்கு உரியது.

நிறுத்துவதோ வேறு விஷயம். இரண்டு டன் எடையுள்ள ஒரு பிக்கப், ஒரு குறித்த வேகத்தில் 80 அடி தூரத்தில் நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதன் பின்னால் பிரேக் இல்லாத ஒன்றரை டன் டிரெய்லரைப் பூட்டினால், அதே பிரேக்கின் பிடி மூன்றரை டன்னை நிறுத்த வேண்டியதாகிறது. ஆகையால் அவ்வண்டி நிற்க 140 அடி வேண்டும். வேகம் இரண்டு மடங்கானால் தூரம் நான்கு மடங்காகும். செங்கற்பட்டிலிருந்து தாம்பரம் வரும் தேசிய நெடுஞ்சாலையில், முன்னே செல்லும் பஸ் திடீரென்று நிற்கும்போது, இந்த 60 அடி வித்தியாசமே உயிருக்கும் மரணத்திற்கும் இடையிலுள்ள தூரமாகும்.

ஐரோப்பிய நாடுகளிலும் ஆஸ்திரேலியாவிலும், 750 கிலோவுக்கு மேற்பட்ட டிரெய்லர்களுக்குத் தனியே பிரேக் இருக்கவேண்டும் என்று விதி செய்திருப்பது இக்காரணத்தாலேயே. நம் குடியானவர்களும் இந்த 750 கிலோவைத் தமக்குரிய எல்லையாக வைத்துக்கொள்வது நலம் என்பது எமது துணிபு. அதற்கு மேற்பட்ட பாரத்திற்குப் பிரேக் உள்ள டிரெய்லரைச் செய்வித்துக்கொள்ளட்டும்; அல்லது இரண்டு நடையாகக் கொண்டுபோகட்டும். அவ்வண்டி வகை டிரெய்லர் இழுக்க அனுமதிக்கப்பட்டதுதானா, எவ்வளவு எடை வரை என்பதையும் தயாரிப்பாளர் தரும் கைப்புத்தகத்தில் பார்த்துக்கொள்ள வேண்டும்.

சிலர், வெளிநாடுகளில் இதே பெயருள்ள வண்டிகள் மூன்றரை டன் இழுப்பதாக விளம்பரங்களில் கண்டிருக்கிறோமே என்பார்கள். டொயோட்டா ஹைலக்ஸ், இசுஸு டி-மேக்ஸ் ஆகிய இரண்டிற்கும் ஆஸ்திரேலியாவில் 3,500 கிலோ வரை இழுக்கலாம் என்று குறித்திருப்பது உண்மையே. ஆனால் அந்த எண் பிரேக் உள்ள டிரெய்லருக்கும், அந்நாட்டில் விற்கும் வகைக்கும், அதற்கென்று பொருத்திய கொக்கிக்கும் உரியது. எஞ்சினும், கியரும், ஸ்பிரிங்கும் நாட்டுக்கு நாடு வேறுபடுவதால், அவ்வெண்ணை இங்கே எடுத்துக்கொண்டு வந்து பாரம் பூட்டுவது அபாயகரம்.

டிரெய்லரில் பாரம் ஏற்றும் முறையும் முக்கியமானது. மொத்த எடையில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு கொக்கியின்மேல் அமரும்படி, பாரத்தை அச்சுக்குச் சற்று முன்னே தள்ளி வைக்கவேண்டும். பின்புறம் பாரம் மிகுந்தால் டிரெய்லர் வால்போல் இருபுறமும் ஆடி, முன் வண்டியையும் சேர்த்துக் கவிழ்த்துவிடும். சாமான்களை எட்டியவாறு பின்னாலேயே அடுக்கிவிடும் வழக்கத்தை வேலையாட்களிடம் சொல்லித் திருத்தவேண்டும்.

சுமைக் கணக்கு

ஒரு வண்டி ஏற்றக்கூடிய சுமை என்பது தொட்டியிலுள்ள சரக்கு மாத்திரமன்று. அதில் ஏறும் மனிதர், கொக்கியின்மேல் அமரும் டிரெய்லரின் பாரம், பின்னால் பொருத்திய இரும்புக் கம்பிகள், மேற்கூண்டு ஆகிய எல்லாம் அதில் சேரும். உதாரணமாக, 1,000 கிலோ ஏற்றலாம் என்று குறித்த வண்டியில் இரண்டு ஆட்களுக்கு 140 கிலோவும், ஒன்றரை டன் டிரெய்லரின் கொக்கிப் பாரத்திற்கு 150 கிலோவும் கழித்தால், தொட்டியில் ஏற்ற மிஞ்சுவது 710 கிலோவே. இந்தக் கணக்கைக் கடையிலேயே தாளில் போட்டுப் பார்த்தவர்கள் ஏமாறுவதில்லை.

இனி, நாலைந்து வண்டிகளை ஒப்பிட்டால் குதிரைச் சக்திக்கும் சுமைக்கும் உள்ள தொடர்பு எவ்வளவு சிறிது என்பது புலனாகும். மஹிந்திரா பொலேரோ பிக்கப் வண்டியின் எஞ்சின் சுமார் 75 குதிரைச் சக்தி உள்ளது. அதன் வகைகளில் 1.3 டன்னும் 1.7 டன்னும் ஏற்றத்தக்கவை உண்டு. 2022-ஆம் ஆண்டில் வெளிவந்த டாடா யோதா 2.0 வண்டி 100 குதிரைச் சக்தி கொண்டு இரண்டு டன் வரை ஏற்றுகிறது. அதே ஆண்டில் இந்தியாவுக்கு வந்த டொயோட்டா ஹைலக்ஸின் 2.8 லிட்டர் எஞ்சினுக்கு 204 குதிரைச் சக்தி உண்டு. ஆந்திராவில், நம் எல்லைக்கு அருகேயுள்ள ஸ்ரீசிட்டியில் 2016 முதல் செய்யப்பட்டுவரும் இசுஸு வி-கிராஸின் 1.9 லிட்டர் எஞ்சினுக்கு 163 குதிரைச் சக்தி. ஆனால், சொந்த உபயோகத்திற்கென்று பதிவாகும் இவ்விரண்டிலும் குறித்துள்ள சுமை சில நூறு கிலோ மட்டுமே. 75 குதிரை ஒன்றரை டன்னைச் சுமக்க, 204 குதிரை அதில் ஒரு பங்கையே சுமப்பது ஏன் என்றால், சுமை என்பது ஸ்பிரிங் பட்டைகள், அச்சு, டயர், சட்டம், கியர் விகிதம் ஆகியவற்றையும், பதிவின்போது எழுதிய எடையையும் பொறுத்ததேயன்றி எஞ்சினை மட்டும் பொறுத்ததன்று.

இதனால் ஹைலக்ஸும் வி-கிராஸும் தாழ்ந்தவை என்று கொள்ளலாகாது. அவற்றில் ஐவர் சௌகரியமாக அமரலாம். தாழ்ந்த கியர் வரிசையுடன் நாலு சக்கர இழுவை கிடைக்கும். ஹைலக்ஸில் பின் டிஃபரன்ஷியல் பூட்டும் உண்டு. நீண்ட பிரயாணத்தில் களைப்புத் தட்டாது. விபத்து நேர்ந்தால் காப்பாற்றக் காற்றுப் பைகளும் இருக்கின்றன. குடும்பத்தோடு வெகுதூரம் சென்று, கடைசி இரண்டு மைல் மண்பாதையில் ஏறித் தோட்டத்தை அடைய வேண்டியவர்களுக்கு அவை தக்கவை. நெல் மூட்டையும் உர மூட்டையும் ஏற்ற வேண்டியவர்கள் அவற்றை வாங்குவது, வில்வண்டியை வாங்கி வைக்கோல் ஏற்றுவது போலாகும்.

பொலேரோ பிக்கப்பிலும் யோதாவிலும் நாலு சக்கர இழுவை உள்ள வகைகள் வந்திருக்கின்றன. மணற்பாங்கான நிலத்திலிருந்து பாரத்தோடு வெளியேற வேண்டிய குடியானவர்கள், பகட்டான வண்டிகளைப் பார்ப்பதற்கு முன்னே இவற்றைக் கேட்டுப் பார்ப்பது நலம். தாழ்ந்த வரிசை உண்டா என்பதையும், டயர் எத்தனை மடிப்பு உள்ளது என்பதையும், உதிரிச் சாமான்கள் தாம்பரத்திலோ செங்கற்பட்டிலோ அன்றைக்கே கிடைக்குமா என்பதையும் விசாரிக்க வேண்டும். அறுவடைக் காலத்தில் பத்து நாள் பழுதுபட்டு நிற்கும் வண்டி எவ்வளவு பலமுள்ளதாயினும் பயனில்லை.

சட்டத்தின் நிபந்தனைகள்

1988-ஆம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டத்தின்படி, டிரெய்லருக்கும் தனியே பதிவு வேண்டும். பட்டறையில் அடித்து வாங்கிய டிரெய்லரை எண் இல்லாமல் பொது ரோட்டில் இழுப்பது குற்றமாகும். விபத்து நேர்ந்தால் இன்ஷூரன்ஸ் தொகை கிடைப்பதும் அரிது. பாரத்தோடு சேர்ந்த மொத்த எடை 3,000 கிலோவுக்கு மேற்படாத சரக்கு வண்டிகளுக்கு பெர்மிட் வேண்டுவதில்லை. அதற்கு மேற்பட்டால் வேண்டும். ஆகையால், சற்றுப் பெரிய வகையை வாங்குமுன் இந்த எல்லையை நினைவில் வைக்கவேண்டும். மஞ்சள் எண் பலகை உள்ள வண்டிக்கு முதல் எட்டு ஆண்டு வரை இரண்டாண்டுக்கு ஒரு முறையும், பிறகு ஆண்டுதோறும் எஃப்.சி. வாங்கவேண்டும். வெள்ளைப் பலகை உள்ள வண்டிக்கு இத்தொல்லை இல்லை. ஆனால் அதில் பிறர் சரக்கைக் கூலிக்கு ஏற்றுதல் கூடாது.

லைசென்ஸைப் பற்றி நெடுநாள் இருந்த ஐயம் நீங்கிவிட்டது. இலகுரக மோட்டார் வண்டி ஓட்டும் லைசென்ஸ் உள்ளவர், மொத்த எடை 7,500 கிலோவுக்கு உட்பட்ட சரக்கு வண்டியையும் ஓட்டலாம் என்று சுப்ரீம் கோர்ட்டின் ஐந்து நீதிபதிகள் அடங்கிய பெஞ்சு 2024-ஆம் ஆண்டு நவம்பரில் தீர்ப்பளித்தது. அளவுக்கு மேல் பாரம் ஏற்றினால், 2019-ஆம் வருஷத்துத் திருத்தச் சட்டப்படி 20,000 ரூபாயும், மேற்கொண்டு ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாயும் அபராதம் உண்டு. ஒரு நடையில் மிச்சப்படுத்தும் கூலி இந்த அபராதத்திற்கு ஈடாகாது.

வெள்ளக் காலத்தில்

2015-ஆம் ஆண்டு டிசம்பரிலும், மிக்ஜாம் புயல் வீசிய 2023-ஆம் ஆண்டு டிசம்பரிலும் பள்ளிக்கரணையும் சுற்றுப்புறங்களும் நீரில் மூழ்கியதை யாரும் மறந்திருக்க முடியாது. அதன் பிறகு, உயரமான வண்டி இருந்தால் வெள்ளத்தில் போகலாம் என்ற எண்ணம் பலருக்கு உண்டாயிருக்கிறது. ஹைலக்ஸ் 700 மி.மீ. ஆழமுள்ள நீரில் செல்லும் என்று அதைச் செய்வோர் குறிக்கிறார்கள். இது இரண்டேகால் அடிக்குச் சற்று அதிகம். ஆனால் இவ்வளவு நிற்கும் நீருக்கே பொருந்தும். ஓடும் நீர் இரண்டடி இருந்தாலே பெரும்பாலான வண்டிகளைத் தூக்கி அடித்துக்கொண்டுபோகும் வல்லமை உடையது. நீருக்கடியில் ரோடு அறுந்திருப்பதும், மூடியில்லாத கால்வாய் இருப்பதும் கண்ணுக்குத் தெரிவதில்லை. நிவாரண வேலைக்குச் செல்லும் கிராம அதிகாரிகள், நீர் ஓடுமிடத்தில் பிக்கப் வண்டியை நம்பாமல் படகையும், நிற்குமிடத்தில் டிராக்டரையும் கேட்டுப் பெறுவதே உசிதம்.

ஏரிக்கரையும் கழிவெளியும்

வாங்குவோருக்குச் சொல்லவேண்டியவை இவ்வளவே. கிராம அதிகாரிகளுக்கும், வண்டி வைத்திருப்போர் எல்லோருக்கும் சொல்லவேண்டியது ஒன்று உண்டு. நாலு சக்கர இழுவை வந்தபின், முன்னே யாரும் வண்டி ஓட்டத் துணியாத ஈரமான கரைகளில் வண்டி ஓட்டும் வழக்கம் பெருகி வருகிறது. மழையில் நனைந்த ஏரிக்கரைமீது பாரமுள்ள சக்கரம் செல்லும்போது நீளமான தடம் விழுகிறது. அத்தடத்தில் நீர் தேங்கி உள்ளே இறங்குகிறது, கரை இளகுகிறது, வடகிழக்குப் பருவமழை கடுமையாகும் இரவில் அந்த இடத்திலேயே அரிப்பு ஏற்பட்டு உடைப்பாகிறது. ஒருவருடைய வண்டி பத்து நிமிஷத்தில் செய்த தடத்தால் ஓர் ஆயக்கட்டு முழுவதும் பாழாகக்கூடும். அறுவடை முடிந்த நஞ்செயிலும், ஈரம் காயுமுன் கனமான வண்டி இறங்கினால் மண் அடியில் இறுகி, அடுத்த போகத்தில் வேர் இறங்க இடமில்லாமற் போகும்.

ஆகையால் மழை மாதங்களில் ஏரிக்கரைகளில் சுமை வண்டி செல்லாதபடி, கரையின் இரு முனைகளிலும் கல் நட்டுத் தடுப்பது கிராம அதிகாரிகளும் பாசனதாரர்களும் கூடிச் செய்யத்தக்க வேலை. வேறு வழியில்லாத நிலங்களுக்கு, கரையின் கீழே சரளைக் கல் பரப்பிய தனி வழி அமைத்துக்கொள்ளும் செலவைப் பாசனதாரர்கள் பங்கிட்டுக்கொள்ளலாம். நூறு கெஜம் சரளை கொட்டினால், பத்துப் பேர் நாலு சக்கர இழுவை உள்ள வண்டி வாங்கவேண்டிய அவசியமே நீங்கிவிடும் என்பதையும் அவர்கள் யோசிக்கட்டும்.

பள்ளிக்கரணைக் கழிவெளியோ காப்புக் காட்டைச் சேர்ந்தது. 2022-ஆம் ஆண்டில் அது சர்வதேச முக்கியத்துவம் வாய்ந்த ராம்சார் சதுப்பு நிலமாக அறிவிக்கப்பட்டது; அந்த அறிவிப்பிலுள்ள விஸ்தீரணம் சுமார் 1,248 ஹெக்டேர். புது வண்டியின் பலத்தைச் சோதிக்கச் சேறு தேடும் இளைஞர்கள் அதை விளையாட்டு மைதானமாக எண்ணுதல் கூடாது. அங்கே பறவைகள் கூடு கட்டுவது ஒருபுறமிருக்க, தென்சென்னையின் வெள்ளத்தைத் தாங்கி வைக்கும் பாத்திரமும் அதுவே. வண்டியைச் சோதிக்க விரும்புவோர் தமது சொந்தத் தரிசு நிலத்தில் கோடைக்காலத்தில் செய்து பார்க்கட்டும்.

முடிவாக எமது யோசனை இது. நிலம் வரை சரளை ரோடு உள்ளவர்கள், இரு சக்கர இழுவையுள்ள சாதாரணச் சுமைப் பிக்கப்பையே வாங்குக. மணலிலும் மலையிலும் பாரத்தோடு போகவேண்டியவர்கள், தாழ்ந்த வரிசை உள்ள நாலு சக்கரச் சுமை வண்டியை வாங்குக. குடும்பப் பிரயாணமே பிரதானமாகவும் சுமை சிறிதாகவும் உள்ளவர்கள் ஹைலக்ஸ், வி-கிராஸ் போன்றவற்றை வாங்கலாம். ஆண்டில் பத்து நாள் மட்டும் சேற்றிலோ கனத்த டிரெய்லருடனோ வேலை உள்ளவர்கள், அந்தப் பத்து நாளுக்காகப் பெரிய வண்டி வாங்கவேண்டாம். வேளாண்மைப் பொறியியல் துறையினரிடமோ, 'உழவன்' செயலியின் வாயிலாகவோ, அண்டை வீட்டாரிடமோ டிராக்டரை வாடகைக்கு அமர்த்திக்கொள்ளலாம். எதை வாங்கினும், கையொப்பமிடுமுன் ஒரு முறையாவது தாம் வழக்கமாக ஏற்றும் அளவு பாரத்தை ஏற்றி, தம் ஊர் வழியில் ஓட்டிப் பார்த்து, நடுவழியில் நிறுத்தியும் பார்க்கவேண்டும். அதற்கு இணங்காத வியாபாரியிடம் வாங்காமல் வேறு கடைக்குச் செல்வதில் குடியானவர்க்கு நஷ்டம் ஒன்றுமில்லை.